என் வயிறும் அவள் பெயரும்

என் மனைவி பெருந்தீனிக்காரி என்பது உரும்பிராயில் எவரும் ஆதாரம் கேளாமல் ஏற்றுக்கொண்ட உண்மைகளுள் ஒன்று. அவள் இறந்த பின்னரும் அந்த உண்மை நல்ல தேகசுகத்துடன் ஊரில் உலாவுகிறது. அதை மறுக்கத் தகுதியுள்ள ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சியத்தை ஊர் எவ்விதம் நடத்தியது என்பதைச் சொல்வதற்கு, முதலில் என் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறர் முன்னிலையில் வயிற்றைப் பற்றிப் பேசுவது என் வழக்கமன்று.

எண்பத்துமூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், நான் கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது, பல ஆண்டுகளாகக் கவனியாமல் விட்ட வயிற்றுப்புண் ஒருநாள் அலுவலகத்திலேயே இரத்தமாக வெளிப்பட்டது. அறுத்தவர் தமிழர். சொற்களைச் செலவழிக்க விரும்பாதவர்.

"மூண்டிலை ரெண்டு பங்கை எடுத்திட்டன். மிச்சத்தை வைச்சுச் சீவிக்கலாம்" என்றார்.

அதன்பின் கட்டளைகள் வந்தன. ஒரு நேரத்துக்கு ஒரு சிறு கிண்ணம். ஒரு நாளைக்கு ஆறு தடவை. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, இனிப்புக் கூடாது, மெல்லாமல் எதையும் விழுங்கக் கூடாது. மீறினால் என்ன நடக்கும் என்று ஓர் அறிவுத் தேட்டத்தில் கேட்டேன்.

"செய்து பாருங்கோ. விளங்கும்."

வீட்டுக்கு வந்த கிழமையே விளங்கியது. பக்கத்து வீட்டார் நலம் விசாரிக்க வந்தபோது தொதல் என்னும் இனிப்பைக் கொண்டுவந்தார்கள். ஒரு துண்டு தின்றேன். சிறிது நேரத்தில் நெஞ்சு படபடத்தது. சட்டை வியர்வையில் நனைந்தது. கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் தருக்கவியல் பயின்ற ஒருவன் ஒரு துண்டுத் தொதலிடம் தோற்றுக் கட்டிலில் கிடப்பது காணத்தக்க காட்சியன்று. என் மனைவி நெற்றியைத் துடைத்துவிட்டு, "இனி உங்கடை வாய்க்கு நான்தான் காவல்" என்றாள். காவல் என்பதை அவள் எவ்வளவு விரிவாகப் பொருள்கொண்டாள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

மகளுக்கு அப்போது கலியாண வயது. அறுவையைப் பற்றி ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று என் மனைவி தீர்மானித்தாள்.

"வயித்தை வெட்டினதெண்டு தெரிஞ்சால் புற்றுநோய்க் குடும்பமெண்டு முடிவு கட்டுவினம். பிறகு எங்கடை படலையைத் தாண்டி ஒருத்தரும் வராயினம்."

"புண் எண்டு சொல்லுவமே. அதுதானே உண்மை?"

"நீங்கள் சொல்லுறதையோ சனம் கேக்கிறது? தாங்கள் நினைக்கிறதைத்தான் கேக்கும்."

என் கல்வி அனைத்தையும் கொண்டு சோதித்தேன். இந்த வாதத்தில் ஓட்டை அகப்படவில்லை.

மறைப்பதற்கு நாடும் ஒத்துழைத்தது. அந்த ஆடி மாதத்தில் கொழும்பில் தமிழர்களுக்கு நடந்தவற்றின் பின் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கி உரும்பிராய்க்குத் திரும்பினோம். அந்தக் கப்பலிலிருந்து கொழுத்து இறங்கியவர் எவருமில்லை. ஆகவே நான் பாதியாகத் திரும்பியதற்கு விளக்கம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எஞ்சியது தழும்பு மட்டும். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை அது இறங்கியிருந்தது. நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையுடன் போகமுடியாது. எனவே நான் உள்ளே போவதை நிறுத்தினேன். திருவிழாக் காலங்களில் வெளிவீதியில் மனைவி, மகளின் செருப்புகளுக்குக் காவலாக நின்றேன். அப்போது நான் ரியூசன் படிப்பித்துக்கொண்டிருந்ததால், "மாஸ்ரர் கொஞ்சம் நாத்திகம்" என்று பேசிக்கொண்டார்கள். படித்தவனுக்கு அது ஓர் அணியாகவே கருதப்பட்டது. கலியாணச் சந்தையில் அதனால் நட்டமில்லை. நாத்திகம் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வருவதில்லை என்பதில் ஊர் உறுதியாக இருந்தது.

ஆனால் சட்டையால் மறைக்க முடியாத இடம் ஒன்று உண்டு; அது சாப்பாட்டு இலை. எங்கள் மக்கள் விருந்தினரை உபசரிப்பதில்லை, முற்றுகையிடுவார்கள். போதும் என்றால் இன்னும் இரண்டு அகப்பை விழும். கையால் இலையை மறைத்தால் கையின்மேல் விழும். எழுந்துவிட்டால், "எங்கடை கைப்பக்குவம் பிடிக்கேல்லையோ?" என்று ஆயுட்காலப் பகையின் தோரணையில் ஒரு கேள்வி வரும். இத்தகைய நாட்டில்தான் நான் ஒரு கிண்ணத்துக்கு மேல் கொள்ளாத வயிற்றுடன் மகளுக்கு மாப்பிள்ளை தேட வேண்டியிருந்தது.

நல்லூரில் ஒரு குடும்பம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை பொறியியலாளர். தகப்பனார் ஓய்வுபெற்ற தபாலதிபர். எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். எனக்கு அழைப்பைக் கேட்டதும் வியர்த்தது. தொதல் இல்லாமலே.

"நீங்கள் கொஞ்சத்தைச் சாப்பிட்டிட்டு மிச்சத்தைச் சும்மா பிசைஞ்சு கொண்டிருங்கோ. பிறகு நான் பாக்கிறன்" என்றாள் மனைவி.

வழக்கப்படி ஆண்கள் முதலில் அமர்ந்தோம். தபாலதிபர் சாப்பாட்டைவிடத் தம் உத்தியோகக் கதைகளில் ஈடுபாடு கொண்டவர்; அது என் அதிர்ஷ்டம். என் இலையில் சோறு ஒரு மேடாகவும் கணவாய்க் கறி அதன் அடிவாரமாகவும் கிடந்தன. கணவாய் பக்கத்துக் கொழும்புத்துறைக் கடற்கரையிலிருந்து காலையில் சொல்லி எடுப்பித்தது என்று மாப்பிள்ளையின் தாயார் இருமுறை அறிவித்திருந்தார். நான் ஓரத்தில் சிறிது உண்டு, மீதியைப் பிசைந்து, தலையாட்டிக் காலத்தைப் போக்கினேன். எழுந்ததும் ஒரு பெண் இலையை எடுக்க வந்தாள்.

"உதை எடுக்காதேங்கோ, பிள்ளை" என்றாள் என் மனைவி. "நான் அவரின்ரை இலையிலைதான் சாப்பிடுறனான்."

கணவன் உண்ட இலையில் மனைவி உண்ணும் வழக்கம் எங்களிடையே ஒருகாலத்தில் இருந்தது. எங்கள் கலியாணத்தன்று பெரியவர்கள் அதைச் செய்யச் சொன்னபோது, ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த இவள், "எனக்கொரு இலை வாங்கக் காசில்லையோ?" என்று கேட்டு அந்தச் சடங்கை அங்கேயே முடித்துவைத்தவள். இப்போது, பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, என் எச்சில் இலையின் முன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அமர்ந்தாள். நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

மாப்பிள்ளையின் தாயாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியளே! இந்தக் காலத்திலும் இப்பிடி ஒரு பொம்பிளை!" என்றார். தபாலதிபர் தம் மனைவியைப் பொருளுடன் நோக்கினார். "உங்கடை இலையிலை மிஞ்சினால்தானே நான் சாப்பிடுறதுக்கு?" என்று அந்த அம்மையார் பதில் கொடுத்தார்.

என் மனைவிக்குக் கணவாய் ஆகாது. இறப்பரை மிளகாய்த்தூளில் அவித்தால் அதுதான் கணவாய் என்பது அவளுடைய கருத்து. அந்த மேட்டையும் அடிவாரத்தையும் ஒரு பருக்கை விடாமல் உண்டு முடித்தாள். திரும்பும் வழியில், "எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"கதைக்காதேங்கோ. வாயைத் திறந்தால் எல்லாம் வெளியிலை வந்திடும்."

சம்பந்தம் நிச்சயமாயிற்று. அத்துடன் இந்த நாடகம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பதிவிரதையின் புகழ் நல்லூரிலிருந்து உரும்பிராய்க்கு எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. போகும் வீடெல்லாம், இலை ஒன்று, உண்போர் இருவர் என்று கணக்கிட்டு, என் இலையில் இருமடங்கு கொட்டினார்கள். அவள் இருமடங்கும் உண்டாள். நண்டு, றால், இறைச்சி, திரும்பத் திரும்பக் கணவாய். நான் மெலிந்தே இருந்தேன், அவள் பருத்தாள். மருத்துவர் என்னிடமிருந்து எடுத்ததை அவளிடம் கொண்டுபோய்த் தைத்துவிட்டார் என்று எனக்கே சில வேளைகளில் தோன்றும். ஊருக்கு அறுவை தெரியாது. எனவே அது தன் அறிவுக்கு எட்டிய முடிவுக்கு வந்தது. பதிவிரதை தீனிக்காரியாக மாறுவதற்கு இரண்டு ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை.

அவளுடைய தங்கை, அதாவது என் மச்சாள், இந்தச் செய்திகளை எங்களிடம் உடனுக்குடன் சேர்ப்பித்தாள்.

"அக்கா, கோவியாதை. சனம் கதைக்குது. புருசனிலை பக்தியெண்டால் புருசன்ரை பங்கையும் திண்டுதான் காட்டவேணுமோ எண்டு."

"வேறை என்னவாம்?"

"அத்தானுக்கு மீன்முள்ளுத்தான் மிஞ்சுதாம்."

"முள்ளிலைதான் சத்து. அவையளுக்குச் சொல்லு" என்று என் மனைவி சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அன்று மாலை, உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"பிள்ளையின்ரை காரியம் முடியட்டும்" என்றாள். காரியம் முடிந்தது, மகள் கணவனோடு கனடாவுக்குப் போனாள். மீண்டும் சொன்னேன்.

"இப்ப சொன்னால் மறைச்சுக் கட்டிக் குடுத்ததெண்டு அவளின்ரை தலையிலை ஏத்துவினம். விடுங்கோப்பா. தீனிக்காரியெண்டு சொன்னால் எனக்கென்ன, தழும்பே வரப்போகுது?"

வீட்டில் அவள் உண்டதை நான் மட்டுமே கண்டேன். எனக்கு ஆறு முறை கிண்ணத்தில் அளந்து தந்துவிட்டு, தான் பேக்கரிப் பாணின் கருகிய அடிப்பகுதியை வெறுந்தேத்தண்ணியில் தோய்த்துத் தின்பாள். அதைவிடப் பெரிய விருந்தை அவள் விரும்பி நான் அறியேன். தொண்ணூறுக்குப் பின் போரோடு பொருளாதாரத் தடையும் வந்து, மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் அருமையாகி, ஊர் முழுவதும் வயிற்றைச் சுருக்கப் பழகியபோது, முன்கூட்டியே தயாராகியிருந்த ஒரே குடிமகன் நான். அவளுக்குத்தான் பாண் அகப்படவில்லை. அதைப்பற்றி அவள் குறைசொன்னதில்லை.

அவளுக்குச் சலரோகம் என்னும் நீரிழிவு இருப்பது பிந்தித்தான் தெரிந்தது. "அம்மா, இனியாவது வாயைக் கட்டவேணும்" என்று மருத்துவர் கண்டித்தார். "ஓம் டொக்டர்" என்றாள். நான் ஏதோ சொல்ல எழுந்தேன். முழங்கையால் இடித்து இருத்தினாள். மருந்து கிடைத்த கிழமைகளும் இருந்தன. கிடைக்காத கிழமைகளும் இருந்தன. தொண்ணூற்றுநான்கில் ஒரு காலை அவள் போனாள். அடுப்பில் என் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதை யார் இறக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.

எட்டாம் நாள், இறந்தவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். எட்டுச்செலவு என்பார்கள். மச்சாள் குசினியைப் பொறுப்பேற்றாள். நான் போனபோது ஒரு பெரிய சட்டி நிறையக் கணவாய் வெந்துகொண்டிருந்தது.

"இது ஆருக்கு?"

"அக்காவுக்குத்தான் அத்தான். உயிரையும் விடுவாவே. நான் எத்தினை பந்தியிலை பாத்தனான்!"

"கொக்காவுக்குக் கணவாய் பிடிக்காது."

மச்சாள் அகப்பையைக் கையில் பிடித்தபடி, நோயாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். இனி எவருடைய கலியாணமும் குழம்புவதற்கில்லை. தடுக்க முழங்கையும் இல்லை. சால்வையை விலக்கித் தழும்பைக் காட்டினேன். கொழும்பு, அறுவை, கிண்ணம், நல்லூர், இலை எல்லாவற்றையும் வரிசை தவறாமல் எடுத்துரைத்தேன். என் வாழ்நாளில் அத்தனை தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை. அவள் தழும்பைக் கூர்ந்து பார்த்தாள். உச்சுக்கொட்டினாள். பின்னர் சொன்னாள்:

"ஒப்பரேசன் உங்களுக்குத்தானே அத்தான்? சாப்பிட்டது அக்காவெல்லோ?"

மூன்று ஆண்டுகள் நான் பயின்ற தருக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சால்வையைப் போர்த்துக்கொண்டேன்.

"படைக்கிறதெண்டால் பாண் படையும். வெறுந்தேத்தண்ணி வையும்" என்றேன்.

"பாணோ! வாற சனம் என்ன சொல்லும்? இருக்கேக்கைதான் அள்ளித் திண்டா, செத்தாப் பிறகு காஞ்ச பாணைக் குடுத்திட்டினமெண்டு நாறடிக்காதோ? நீங்கள் போய் இருங்கோ அத்தான்."

கணவாய் படைக்கப்பட்டது. நண்டும் றாலும் சுற்றிவரக் காவல் நின்றன. விளக்கொளியில் அந்த இலையைப் பார்த்தேன். என் விருப்பங்களும் என் மீதிகளும் அவள் பெயரில் வைக்கப்பட்டிருந்தன. கணவாயை விரும்பியவன் நான்தான். மெல்ல முடியாதென்று கைவிட்டவனும் நான்தான்.

பின்னர் பந்தி. அவளுடைய தமையனார் என் இலையில் தம் கையாலேயே அள்ளிப் போட்டார். சிறிது உண்டேன். வயிறு வழக்கமான இடத்தில் கதவைச் சாத்தியது. பிசைந்து பாசாங்கு செய்ய எனக்கு மனமில்லை. கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். பந்தி எழும்பும்போது என் இலை அப்படியே கிடந்தது. அதற்கு உரிமை கோர யாரும் வரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

"பாருங்கோ மனிசனை. தொடக்கூட இல்லை."

"எவ்வளவு பாசம் வைச்சிருந்திருக்கிறார்!"

"அவ போனதோடை அவரின்ரை சாப்பாடும் போட்டுது."

இதை இறுதியாகச் சொன்னவள் மச்சாள்தான். தழும்பைக் கூர்ந்து பார்த்து ஒரு மணி நேரம் ஆகியிராது. சேலைத் தலைப்பால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அன்றுமுதல் நான் ஊரின் உத்தமக் கணவன். அவளைத் தீனிக்காரியாக்கிய அதே வயிறு என்னைத் தியாகியாக்கியது. போகும் வீடுகளில் எவரும் என்னை முற்றுகையிடுவதில்லை. "அவருக்குக் கொஞ்சமாய்ப் போடுங்கோ, பாவம்" என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். ஒரு சிறு கோப்பையில், மருத்துவர் சொன்ன அளவில், கேளாமலே வருகிறது. மறு அகப்பை இல்லை, மனத்தாங்கல் இல்லை. இந்த ஒரு கோப்பையை எனக்குப் பெற்றுத்தர அவளால் உயிரோடிருந்து முடியவில்லை.

சென்ற கிழமை போன வீட்டிலும் அப்படித்தான். "இது கவலையில்லை. என்ரை வயிறு இவ்வளவுதான் கொள்ளும். எண்பத்துமூண்டிலிருந்து இப்பிடித்தான்" என்றேன்.

"ஓம், ஓம். நீங்கள் உதுகளை யோசியாதேங்கோ மாஸ்ரர்" என்றார் வீட்டுக்காரர்.

குசினிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "மாஸ்ரரின்ரை மனிசி இருந்திருந்தால் இந்தச் சட்டி எப்பவோ முடிஞ்சிருக்கும்!" யாரோ சிரித்தார்கள். வீட்டுக்காரர் தர்மசங்கடத்துடன் என்னைப் பார்த்தார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த அம்மாவையும் இங்கே வந்து இருக்கச் சொல்லுங்கள் என்று கேட்டு, அவர் கையைத் துடைத்தபடி வந்து அமர்ந்ததும், கொழும்பிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.