ஆத்தா என்று கூப்பிட்ட கணவர்

அறுபதுகளின் தொடக்கத்தில் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அதற்கு முன் மதராஸில் மனநோயாளிகள் வார்டில் வேலை பார்த்தவள் என்பதால், புத்தி தடுமாறியவர்களின் வீடுகளுக்கு டாக்டர் என்னைத்தான் அனுப்புவார்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று ஒரு முந்திரித் தோப்புக்காரருடையது. வயதானவர். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோய், கட்டிய மனைவியையே யாரென்று தெரியாத நிலை. அவளை "ஆத்தா" என்று கூப்பிட்டபடி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைவார்.

முதல் நாள் உடம்பு துடைத்துவிடச் சட்டையைக் கழற்றினேன். மேல்கையில் கரண்டி வடிவத்தில் தோல் வெந்து கொப்புளம் கட்டியிருந்தது. பக்கத்தில் காய்ந்த புண்கள் வேறு.

"அடுப்புல கைய வச்சுக்கிட்டாக" என்றாள் மனைவி.

அடுப்பில் வைத்தால் விரல்தானே வேகும், மேல்கையில் எப்படிக் கரண்டி பதியும் என்று கேட்டேன். அவள் மறுக்கவில்லை. தன் ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். வரிசையாகப் பழைய தழும்புகள்.

"இது கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு வச்ச சூடு. இது, எங்கண்ணன் வந்தப்பச் சிரிச்சுப் பேசினேன்னு. வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து வாங்கிருக்கேன் நர்ஸம்மா."

"இப்ப அவருக்கு அதெல்லாம் தெரியாதும்மா. எதுக்குச் சூடு வைக்கிறீங்கன்னே புரியாது."

"அவுகளுக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கலையே."

கஞ்சியை ஆற்றி, வாயைத் துடைத்துத் துடைத்து ஊட்டினாள். அவர் மலத்தை அள்ளும்போதுகூட அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஊட்டி முடித்த கையாலேயே, என் கண்ணெதிரில், அவர் தொடையைக் கிள்ளித் திருகினாள்.

"இனிமே செய்ய மாட்டேன் ஆத்தா!" என்று அலறியவர், அவள் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவருக்கு ஓடிப் போக வேறு ஆள் இல்லை.

திருவரங்குளத்தில் கட்டிக் கொடுத்திருந்த ஒரே மகளுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள். புண்களைக் காட்டினேன்.

"எங்காத்தா கை ஒடிஞ்சு கெடந்தப்ப எந்த நர்ஸம்மா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

டாக்டர் கூப்பிட்டுக் கண்டித்தார். மனைவி கைகட்டிக் கேட்டுக்கொண்டாள். அதன்பின் சூடு நின்றது. கிள்ளுவது நிற்கவில்லை. நான் போய் மருந்து போட்டு வந்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் அவருக்கு மார்புச்சளி கண்டது. கடைசி நாள், அவர் கண் திறந்தபோது அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் யாரு? சொல்லுங்க. ஒங்க பொண்டாட்டி! பாருங்க, நீங்க வச்ச சூடு!"

அவர் அந்தத் தழும்பை விரலால் தடவினார்.

"வலிக்குதா ஆத்தா?"

அன்று சாயங்காலமே போய்விட்டார். அவள் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி வந்தாள்.

"வேணுமுன்னே மறந்த மாதிரி நடிச்சிருப்பாகளோ நர்ஸம்மா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.