தையல்நாயகியின் தட்டு

தையல்நாயகிக்கு வயிறு எரிந்தால் முதலில் காதுதான் சூடாகும். எண்பத்தாறாம் வருஷம் செப்டம்பரில் சூடான காது, ஐப்பசி பிறந்தும் ஆறவில்லை. காரணம் சவுரியம்மாள்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரி. அதன் கெமிஸ்ட்ரி லேபில் பதினோரு வருஷமாகக் கண்ணாடிச் சாமான் கழுவியவள் தையல்நாயகி. தினமும் ஒலக்கூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். சீனுவாசன் சார் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி தொடங்கி, ஒரு முழ நீளத்தில் வெள்ளை டெஃப்லான் தட்டு செய்து வாங்கியபோது, அதைக் கழுவும் பெருமையும் அவளுக்கே வந்தது.

தட்டில் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் நிற்கும். முட்டை மஞ்சள்கருவில் எடுத்த கொழுப்பை சார் அதன்மேல் ஒரு சொட்டு விடுவார். கண்ணுக்கே தெரியாத படலமாக அது பரவும். ஒரு மூலக்கூறு கனம், அவ்வளவுதான். குறுக்குச் சட்டத்தைத் தள்ளிப் படலத்தை நெருக்குவார். நெருக்க நெருக்கத் தண்ணீரின் இழுப்பு குறைந்து, தராசிலிருந்து தொங்கித் தண்ணீரைத் தொடும் காகிதத் துண்டு மேலே ஏறும்.

"தீபாவளி பஸ்ஸு மாதிரி ரொம்பிடுச்சு தையலம்மா. இப்ப அடியில டிரிப்டோபேன் விடறேன். புரோட்டீன்ல இருக்கிற பொடி மூலக்கூறு. எடமில்லாத எடத்துல நுழையுதா பாரு."

காகிதம் இன்னும் கொஞ்சம் ஏறும். "நுழைஞ்சிடுச்சு!" என்று சார் குதிப்பார். அவளுக்கும் குதிக்கத் தோன்றும்.

அப்போதுதான் சவுரியம்மாள் அதே லேபில் கழுவும் வேலைக்கு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதற்கு வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுவிட்டு, முக்காடோடு வந்து நின்றாள். வந்த பத்தாம் நாள் சார் ஒரு வார்த்தை சொன்னார்.

"சவுரி கழுவினா தண்ணி தண்ணியா இருக்குது. வெறும் தண்ணியை நெருக்கினா காகிதம் அசையக் கூடாது. அவ கழுவினா அசையறதே இல்ல."

அட, பதினோரு வருஷம் கழுவினவள் கை மண்ணாகிவிட்டதா? தையல்நாயகிக்குச் சோறு இறங்கவில்லை. சவுரியின் பையைத் துழாவினாள். கொறிக்க வைத்திருந்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலம்தான் இருந்தது. கழுவும்போது ஒட்டி நின்று பார்த்தாள். அதே குளோரோபாரம், அதே வெந்நீர். ஆனால் தொடங்குமுன் சவுரி சிலுவை போட்டுக்கொண்டாள். ஓஹோ, விஷயம் அதில் இருக்கிறதா! தையல்நாயகியும் விடவில்லை. வெள்ளி, செவ்வாய் தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவாள். சீயக்காய் போட்டது போக மிச்சம் பிசுபிசுப்பு இருக்கும். முடி காய நுனி முடிச்சு மட்டும் போட்டு, அம்மனைக் கும்பிட்டுவிட்டு வருவாள். அன்று முதல் அந்த முழுக்கை இன்னும் பலமாக வைத்தாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மெட்ராஸ் புரொபசர் பார்க்க வந்தார். வியாழன் மாலையே சவுரி தட்டைக் கழுவி மூடிவிட்டுப் போயிருந்தாள். பொறுக்குமா? விடிந்ததும் முதல் ஆளாக வந்த தையல்நாயகி, மூடியைத் திறந்து மறுபடி கழுவினாள். தலை குனிந்து, கண் வலிக்க, ஆசை ஆசையாகக் கழுவினாள். புரொபசர் மெச்சும்போது, 'நான்தான் சார் கழுவினேன்' என்று சொல்லத் தொண்டைவரை வைத்திருந்தாள்.

சார் வெறும் தண்ணீரை நெருக்கினார். காகிதம் விறுவிறுவென்று ஏறியது.

"சவுரி! இன்னா கழுவின நீ? மானத்தை வாங்கிட்டியே!"

"நல்லாத்தான் கழுவினேன் சார்," என்றாள் சவுரி. கண்ணில் நீர் முட்டியது.

தையல்நாயகி தொண்டையில் இருந்ததை விழுங்கிவிட்டாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒழிந்தாள், இனி தட்டு என்னுடையது.

புரொபசர் குனிந்து, சட்டத்துக்கு அடியில் ஒட்டியிருந்த எதையோ இடுக்கியால் எடுத்தார். கை நீளத்துக்கு ஒரு முடி. எண்ணெயில் மினுமினுத்தது. எல்லாரும் சவுரியின் மொட்டைத் தலையைப் பார்த்தார்கள். பிறகு தையல்நாயகியின் நுனி முடிச்சைப் பார்த்தார்கள். சார் நோட்டைப் புரட்டினார். கெட்டுப்போன ரீடிங்கெல்லாம் தையல்நாயகி கழுவிய வெள்ளியும் செவ்வாயும்.

"இம்மாத்தூண்டு எண்ணெ போதும், அதுவே தனியாப் படலமாயிடும்," என்றார் சார். "அடுத்த மாசம் இவர் திரும்ப வராரு. அதுவரைக்கும் தட்டைச் சவுரி மட்டும் தொடட்டும்."

அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தையல்நாயகி நின்றுகொண்டே போனாள். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தவளைக் கண்டதும் வீட்டுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். திங்கட்கிழமை சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு லேபுக்குள் நுழைந்தாள்.

"இன்னா வேண்டுதலு அக்கா?" என்றாள் சவுரி. அவளுக்கு ஒரு விரற்கடை முடி வளர்ந்திருந்தது.

சார் நோட்டை மூடிவிட்டு எழுந்தார். அவர் மேசைமேல் மெட்ராஸில் வாங்கிய ரப்பர் தொப்பி இரண்டு இருந்தன, நீச்சலுக்குப் போடுவது.

"ஐயோ தையலம்மா, தொப்பி வாங்கியாந்திருக்கேனே! இதைப் போட்டிருந்தா போதுமே!"

தையல்நாயகி தொப்பியைப் பார்த்தாள். காது சுட்டது. மறைக்க ஒரு மயிர்கூட இல்லை.

"அவ போட்டுக்கட்டும் சார். அவளுக்குத்தான் முடி வந்துக்கினு இருக்குதே," என்று சொல்லிவிட்டு, தட்டை எடுக்கப் போனாள்.