கிருமி வளர்த்த கிளினிக்

டோக்கன் அக்காவின் குரலுக்கு மைக் தேவையில்லை. அவர் "பதினாலு" என்றால், எதிரே மருந்துக் கடையில் நிற்பவர்கூட ஒரு கணம் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். அந்தப் பல் கிளினிக்கின் வாசல் மேசையில் பதினோரு வருடமாக எண்களைக் கூப்பிட்டு வருகிறார். அதற்கு முன் சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர். முண்டியடிக்கிற கூட்டத்தை ஒரு புருவத் தூக்கலில் வரிசையாக்குவது அங்கே கற்ற வித்தை. வீட்டில் கணவருக்குக் கோபம் வந்தால் அவரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சுவரில் இருந்த டிவி ஒரு திங்கட்கிழமை உயிரை விட்டது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, இத்தனை நாளும் அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று. அது அலறிக்கொண்டிருந்தவரை உள்ளறையில் பல் குடைகிற சத்தம் யாருக்கும் கேட்டதில்லை. இப்போது அந்தக் கீச்சு ஒவ்வொரு நாற்காலியாகப் போய் நலம் விசாரித்தது. முதல் நாளே மூன்று பேர் காணாமல் போனார்கள். ஒருவர் ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனார். அவர் வந்தது பஸ்ஸில். இன்னொருவர் செருப்பைக்கூட எடுக்கவில்லை.

பெரிய டிவியாக வாங்கிப் போடுவோம் என்றார் டாக்டர். பதினோரு வருடம் காலையிலிருந்து மாலைவரை அந்தப் பெட்டிக்குள் ஆட்கள் சண்டை போடுவதைக் கேட்டவர் டோக்கன் அக்கா. டிவி செத்த அன்று சாயங்காலம்தான் வெகு நாளைக்குப் பிறகு தலைவலி இல்லாமல் வீட்டுக்குப் போயிருந்தார். அதனால் வாயில் வந்ததைச் சொன்னார்: மீன் தொட்டி வைக்கலாம். தண்ணீர் குமிழியிடுகிற சத்தம் உள்ளே கேட்கிற சத்தத்தை அமுக்கும், கண்ணுக்கும் வேலை இருக்கும்.

டாக்டர் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். வலிக்குமா என்று கேட்டு முடிப்பதற்குள் பல்லைத் தட்டில் போட்டுவிடுகிற ஆள். ஆறு வாரம் தருகிறேன் என்றார். ஒன்றாம் தேதி அந்தத் தொட்டியில் மீன் உயிரோடு ஓட வேண்டும், நோயாளிகள் ஓடக் கூடாது. இல்லையென்றால் அன்றைக்கே டிவி. டிவி கடையிலும் ஒன்றாம் தேதிக்கே சொல்லி வைத்தார்.

தொட்டிக்கு ஸ்டாண்டு செய்யக் கணவர் முன்வந்தார். அவர் லாரிப் பட்டறையில் வெல்டர். மூன்றடித் தொட்டி தண்ணீரோடு இருநூறு கிலோ வரும் என்று சொன்னதுதான் தவறு. லாரிக்குப் போடுகிற இரும்பிலேயே செய்து எடுத்து வந்துவிட்டார்.

"இதுல மீன் விடலாமா, மாடு கட்டலாமாங்க?" என்று கேட்டார் டோக்கன் அக்கா.

"மீனும் வளரும்ல," என்றார் அவர், ரசமட்டத்தை நாலாவது தடவையாக வைத்துப் பார்த்துக்கொண்டே.

கூழாங்கல்லை ஏழு வாளித் தண்ணீரில் அலசினார் டோக்கன் அக்கா. ஊறவைத்த மரக்கட்டையில் செடியைக் கட்ட நூல் தேடியபோது, பல்லிடுக்கில் விடுகிற நூல் கைக்கு வந்தது. புதினா வாசனை இல்லாததாகப் பார்த்து எடுத்து இழுத்துக் கட்டினார். கல் கலையாமலிருக்க அடியில் ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கச் சில சொட்டு மருந்து. மூலையில் காற்று மோட்டாரோடு ஒரு கறுப்புப் பஞ்சு ஃபில்டர். குமிழிகள் கிளம்பின, தொட்டி பளபளவென்று இருந்தது.

மீன் மட்டும் இல்லை.

மீன் கடைக்காரர் கண்டிப்பான மனிதர். தண்ணீர் தயாராகாமல் ஒரு மீன்கூடத் தர மாட்டேன் என்றுவிட்டார். மீனின் கழிவு தண்ணீரை விஷமாக்கும். அந்த விஷத்தைத் தின்கிற நல்ல கிருமிகள் பஞ்சில் குடியேற வேண்டும். அதற்கு ஐந்து வாரமாவது ஆகும். அதுவரை தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள், அழுகட்டும், கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு என்று சொல்லி, தண்ணீரைச் சோதிக்க ஒரு பெட்டி மருந்தும் கொடுத்தார்.

ஆக, தினம் காலை பத்து மணிக்கு டோக்கன் அக்கா காலித் தொட்டிக்குத் தீனி போட்டார். நோயாளிகள் முதலில் அவரைப் பார்த்தார்கள், அப்புறம் தொட்டியைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம், ஆடுகிற பல்செட்டைச் சரிசெய்ய வாராவாரம் வருகிற பெரியவர், கட்டைக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்ததாக அறிவித்தார். சிவப்பு என்றார். பக்கத்தில் தாடை வீங்கி உட்கார்ந்திருந்த அம்மாள், இல்லை, நீலம் என்று எழுதியே காட்டினார். வாக்குவாதம் முற்றி, இரண்டு பேர் தங்கள் முறை வந்தும் உள்ளே போகவில்லை. இல்லாத மீனுக்கே இந்தக் கூட்டமா என்று டோக்கன் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சோதனைக் குழாயில் சொட்டுகள் விட்டு நிறம் பார்ப்பதும், அதை நோட்டில் குறிப்பதும், விஷத்தைக் காட்டுகிற ஊதா வெளிறுகிறது என்று வீட்டில் போய்ச் சொல்வதுமாகப் பறந்துகொண்டிருந்தார்.

டாக்டருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "கிருமியைக் கொல்றதுக்கு நான் அஞ்சு வருசம் படிச்சேன். நீங்க வெளிய உக்காந்து வளக்குறீங்களேக்கா," என்றார்.

ஐந்தாம் வாரக் கடைசியில், தம்பி வீடு மாறுகிறான் என்று டோக்கன் அக்கா ஒரு நாள் லீவு போட்டார். அந்த ஒரு நாளில்தான் நடந்தது. பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, பஞ்சின்மேல் படிந்திருந்த பழுப்புக் கொழகொழப்பைச் சுட்டிக்காட்டி, கிளினிக்கிலேயே இப்படியா என்று கேட்டுவிட்டார். டாக்டரின் காது சிவந்தது. பஞ்சை உருவி எடுத்தார், குழாயடியில் பிழிந்தார், குறடுகளும் கண்ணாடிகளும் வேகிற ஆட்டோக்ளேவுக்குள் போட்டு மூடினார். அழுத்த ஆவியில் இருபது நிமிடம்.

மறுநாள் காலை பஞ்சு கடையிலிருந்து வந்த கோலத்தில் இருந்தது. பக்கத்தில் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு, பரிசு வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"பாத்தீங்களாக்கா, ஒரு கிருமி இல்ல."

டோக்கன் அக்கா உட்கார்ந்தார். பத்து நிமிடம் எந்த எண்ணும் கூப்பிடவில்லை. வரிசையில் இருந்தவர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று எழுந்து நின்றார்கள்.

"அஞ்சு வாரமா உக்கார வெச்ச கூட்டம் டாக்டர்," என்றார் கடைசியில். "ஒரே மூச்சுல காலி பண்ணிட்டீங்க."

அவர் விளக்கி முடித்தபோது டாக்டரின் கட்டிய கை தானாக அவிழ்ந்து தொங்கியது. ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. இனி முதலிலிருந்து ஐந்து வாரம் என்றால், டிவி சுவரேறிவிடும். டோக்கன் அக்கா மீன் கடைக்குப் போன் போட்டார். ஆட்டோக்ளேவ் என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட கடைக்காரர், இரண்டு நிமிடம் சிரித்தார். பிறகு ஒரு வழி சொன்னார். தன் தொட்டி ஒன்றில் இரண்டு வருடமாக ஓடுகிற அழுக்குப் பஞ்சு இருக்கிறது. தருகிறேன், ஆனால் அதே தண்ணீரில் நனைந்தபடியே கொண்டுபோய், ஒரு மணி நேரத்துக்குள் தொட்டியில் போட்டுவிட வேண்டும். காய்ந்தால் செத்தது.

இதைக் கேட்டதும் டாக்டருக்குப் பொறி தட்டியது. "விழுந்த பல்லைப் பால்ல போட்டு எடுத்துட்டு வரச் சொல்வோமே, அந்த மாதிரி. இதை முன்னாடியே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமேக்கா."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரின் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பினார்கள். திரும்பும்போது பின்சீட்டில் டோக்கன் அக்கா, மடியில் வாளி, வாளிக்குள் சாக்கடை நிறத்தில் ஒரு பொக்கிஷம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டாக்டரின் வெள்ளைக் கோட்டு முதுகில் ஒரு பழுப்புப் பூ பூத்தது. பெரிய சந்திப்பில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரன் எதற்கும் அசையாத கூட்டம். டோக்கன் அக்கா நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

"வரிசை. ஒவ்வொருத்தரா. முதல்ல அந்தப் பால் வண்டி."

பால் வண்டி நகர்ந்தது. அதன்பின் டெம்போ, அதன்பின் ஒரு கார். நடுவில் பிறந்த சந்தில் ஸ்கூட்டர் புகுந்து போயிற்று. சிக்னலில் நின்ற போலீஸ்காரர் அவர்கள் போன திசையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுவாரம் பல் சுத்தம் செய்ய வந்தபோது அவரே சொன்னது.

அழுக்குப் பஞ்சு தொட்டிக்குள் இறங்கிய அடுத்த நாள் சொட்டு விட்டுப் பார்த்தார்கள்: விஷம் பூஜ்யம். மறுபடி தீனி போட்டார்கள், மறுபடி பூஜ்யம். இப்போது குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது டாக்டர். நோயாளிகளின் எக்ஸ்ரேயைக்கூட அவர் அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

ஒன்றாம் தேதி காலை கடைக்காரரே ஒரு பையில் ஆறு வரிக்குதிரை மீன்களைக் கொண்டுவந்தார். விரல் நீளம், உடம்பெல்லாம் நீலக் கோடு, ஒரு இடத்தில் நிற்காத வாலு. எல்லாரையும் ஒரே நாளில் ஏற்றக் கூடாது, முதலில் தாக்குப்பிடிக்கிறவர்கள் என்று அவர் சொன்னபோது டோக்கன் அக்கா தலையாட்டினார். வரிசையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பை தண்ணீரில் மிதந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி தொட்டித் தண்ணீர் பைக்குள் போயிற்று. டிவிக்காரர்கள் இரண்டு பேர் பெட்டியோடு வந்து, எங்கே மாட்டுவது என்று கேட்க வாயெடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். அவர் பின்னாலேயே கழுத்தில் துணி கட்டிய நோயாளியும் வந்தார்.

"அவசரப்படுத்தாதீங்க," என்றார் பல்செட் பெரியவர். "அதுங்களும் முதல் தடவை வருதுங்க. பயமா இருக்கும்."

பையின் வாய் திறந்தது. ஆறும் மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. வரவேற்பறை மூச்சை அடக்கியது. உள்ளே யாரும் எதையும் குடையவில்லை. பிறகு ஒன்று பஞ்சுப் பக்கம் போய்க் குமிழியில் மோதி, அந்த உற்சாகத்தில் தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாய்ந்தது. பின்னாலேயே நாலு. டோக்கன் அக்கா தன்னையறியாமல் கை தட்டினார்.

டாக்டர் திரும்பி, "டிவி வேணாம்பா, எடுத்துட்டுப் போங்க," என்றார்.

"இருங்க சார்," என்றான் அவர்களில் ஒருவன், கண்ணை எடுக்காமல். "அந்தக் கடைசி ஒண்ணு இன்னும் வெளிய வரல."

அதுவும் வந்தது. டோக்கன் அக்கா மேசைக்குத் திரும்பி அப்பாயிண்ட்மென்ட் நோட்டைப் பிரித்தார். பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு நேராக எழுதினார்: அடித்தளத்துக் கெளுத்தி, நாலு பேர். முப்பதாம் தேதி: நியான் டெட்ரா, பத்து பேர். 'என்ன தொந்தரவு' என்ற கட்டத்தில் ஒரு கணம் பேனா நின்றது. பிறகு, "ஒன்றுமில்லை, குடியிருக்க வருகிறார்கள்" என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார்.