வேட்டி காயப்போட்ட பாறை

எனக்குச் சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை. மகள் ஹவாய்த் தீவில் வேலை பார்க்கிறாள். போன கோடையில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, கடலோரத்தில் ஒரு சின்னப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். எரிமலைக் குழம்பு இறுகிப்போன கறுப்புப் பாறைகள்தான் அங்கே கரை.

எங்கே குளித்தாலும் வேட்டியை அலசிக் காயப்போட்டால்தான் எனக்குக் குளித்த மாதிரி இருக்கும். துண்டைக் கட்டிக்கொண்டு முங்கி எழுந்து, வேட்டியை அலசினேன். பாறைகளெல்லாம் ஒரே சொரசொரப்பு. விரித்தால் நூல் இழுத்துவிடும். சற்றுத் தள்ளி ஒன்று மட்டும் வழவழவென்று உருண்டையாக இருந்தது. என் கடைக்காரப் புத்தி அதைத்தான் தேர்ந்தெடுத்தது. வேட்டியை அதன்மேல் விரித்துவிட்டுத் திரும்பினேன்.

"எப்பா! அது கல்லு இல்ல, ஆமை! கிட்ட போவாதீங்க, இங்க அதைத் தொட்டாலே கேஸு!" என்று மகள் கத்தினாள்.

"ஏட்டி, என் வேட்டி போவுதுல்லா!"

கல்யாண மாப்பிள்ளை மாதிரி வேட்டியோடு ஆமை நிதானமாகக் கடலுக்குள் இறங்கியது. நல்லவேளை, அது தண்ணீரில் மூழ்கியதும் வேட்டி தனியே மிதந்தது. ஆமை தூரமாய்ப் போகும்வரை காத்திருந்து, பாய்ந்து பிடித்தேன். அதே நேரம் ஓர் அலை வந்து இடுப்புத் துண்டை உருவிக்கொண்டு போனது. கையில் வேட்டி இருந்ததால் மானம் தப்பியது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுத் துவைகல்லில் துணி விரிக்கும்முன்கூட இரண்டு தட்டு தட்டிப் பார்க்கிறேன். "என்ன, கல்லு தூங்குதா?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்கிறாள்.