அக்கா ஆடிய அந்த மேட்னி ஷோ

போன வருஷம் நவம்பர் கடைசியில், திருப்பதியில் ஒரு தியேட்டரில், மேட்னி ஷோவின்போது இது நடந்தது. நடந்தது என்னவோ ஒரு பாட்டு ஓடி முடிகிற நேரம்தான். அதை வைத்துச் சித்தூரில் எங்கள் சபையில் கிளப்பினார்களே ஒரு பேச்சு, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

முதலில் என் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். எங்கள் கோவிலில் காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. தமிழ் ஆராதனையில் பாடகர் குழுவை முன்னால் நின்று நடத்துவது அக்காதான். வெள்ளைப் புடவையும் கையில் பாமாலைப் புத்தகமுமாக அவளைப் பார்ப்பவர்களுக்கு வீட்டில் இருக்கும் அக்காவைத் தெரியாது. காலேஜ் படிக்கும்போது வெற்று கேசட் வாங்கிக் கொடுத்து, பிடித்த சினிமாப் பாட்டையும் பாப் பாட்டையும் கடையில் பதிந்து வாங்கி, டேப் நைந்துபோகும் வரை கேட்பாள். அவளுக்கு வாய்த்த மாமாவும் அதே ரகம். ஒரு பைத்தியத்துக்கு இன்னொரு பைத்தியத்தைக் கட்டி வைத்துவிட்டேன் என்று எங்கள் நைனா கேலி செய்வார்.

அந்த மாமா அதே வருஷம் ஜனவரியில் தவறிப்போனார். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் அக்கா அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவர் போன பிறகு அந்த வீட்டில் டிவி ஓடவில்லை. சமையல் செய்யும்போது அவள் வாய்க்குள்ளேயே எதையாவது பாடிக்கொண்டிருப்பாள், அதுவும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடுவதோடு சரி.

அப்போதுதான் அந்தப் பழைய படம் மறுபடியும் ரிலீஸ் ஆனது. இப்போதெல்லாம் பழைய படத்தைத் துடைத்து மெருகேற்றிப் புதுப்படம் மாதிரி விடுகிறார்களே, அப்படி. எங்கள் பக்கம் தமிழ்ப் படம் என்றாலே தெலுங்கில் டப்பிங் ஆகித்தான் வரும். அதனால் கல்யாணமான புதிதில் அக்காவும் மாமாவும் இந்தப் படத்தைத் தமிழில் பார்ப்பதற்காகவே பஸ் ஏறி வேலூருக்குப் போய்விட்டு வந்தவர்கள். இந்தத் தடவை என்ன அதிசயமோ, திருப்பதியிலேயே தமிழில் போட்டிருந்தார்கள். நான் அவளைக் கேட்காமலேயே டிக்கெட் போட்டுவிட்டேன்.

"இன்னாத்துக்குடி இதெல்லாம்? யாராச்சும் பாத்தா இன்னா சொல்வாங்க?" என்றாள்.

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பொடவைய மாத்திக்கினு வா" என்றேன். எங்கள் ஜனங்களை அவள் என்னைவிட நன்றாகப் புரிந்து வைத்திருந்தாள்.

தியேட்டர் வாசலில் கைப்பையைச் சோதித்த செக்யூரிட்டி அம்மா, அக்காவின் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கமர்கட்டும் தேன்மிட்டாயும். வெளித் தின்பண்டம் கூடாது என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தக் காலத்தில் படத்துக்குப் போனால் மாமா வாங்கித் தருவதாம் அது. செக்யூரிட்டி அம்மா பொட்டலத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஒரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பொட்டலத்தைப் பைக்குள்ளேயே திணித்துவிட்டார்.

எங்கள் பக்கத்து சீட்டுகளில் தெலுங்குக் காலேஜ் பெண்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். டப்பிங்கில் வந்த பாட்டெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்தப் பெரிய பாட்டு ஆரம்பித்ததும் தியேட்டரே எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. திரையில் தமிழ், ஹாலில் பாதிப் பேர் வாயில் தெலுங்கு. அக்கா மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் தமிழில் பாடிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுவிட்டு ஒரு பெண், "ஆன்டி, மீரு ரண்டி!" என்று, நீங்களும் வாங்க என்று தெலுங்கில் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் போ என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், அந்தப் பெண்களோடு நின்று ஆடியேவிட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாகப் பாடிக்கொண்டு. பத்து மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்டர்வெலில் அந்தப் பெண்களுக்குத் தேன்மிட்டாய் கொடுத்தாள். அவர்கள் இவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

நாங்கள் சித்தூர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே சபையின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்துவிட்டது. பின் வரிசையிலிருந்து எடுத்தது. போட்டவர் எங்கள் சபைக் கமிட்டி மெம்பர் ஒருவர். கீழே, "புருஷன் போய் வருஷம் கூடத் திரும்பவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி, கைகூப்புகிற படம் வேறு. அதற்குக் கீழே ஒவ்வொருவராக ஆமென் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டவர்கள், அக்காவிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவர்கள்! அக்கா அதைப் பார்த்துவிட்டுப் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீடியோ போட்ட இந்தக் கமிட்டி மெம்பரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவருடைய முதல் மனைவி இறந்து எட்டாவது மாதம் இவருக்கு இரண்டாம் கல்யாணம். நாங்கள் எல்லோரும் போய் பிரியாணி சாப்பிட்டோம். அந்தக் கல்யாணத்தில் பாடகர் குழுவை முன்னால் நின்று நடத்தியது யார்? எங்கள் அக்கா. சரி, அதுதான் போகட்டும். இவர் எப்படி அந்த வீடியோவை எடுத்தார்? இவரும் அதே தியேட்டரில், அதே படத்துக்கு வந்தவர்தானே! இவர் மட்டும் அங்கே ஜெபக்கூட்டம் நடத்தவா போயிருந்தார்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோவில் காம்பவுண்டில் நின்றுகொண்டிருந்தபோது அவரே எங்களிடம் வந்தார்.

"வருஷம் திரும்பற வரிக்கும் பாடகர் குழுவுல நிக்க வேணாம்னு கமிட்டில பேசிக்கினு கீறோம்மா. கிறிஸ்மஸுக்கும்தான்" என்றார் அக்காவிடம். ஏதோ உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வது போல அவ்வளவு கரிசனம் குரலில்.

எனக்கு வந்ததே கோபம்! "உங்க கல்யாணத்துக்கு வருஷம் திரும்பிச்சாண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஆம்பளைங்க விஷயம் வேறம்மா. எனக்கு சமைச்சிப் போட ஆளு இல்ல" என்றார். பக்கத்தில் நின்ற போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தெலுங்கு ஆராதனைக்கு நேரமாகிறது என்று நகர்ந்துவிட்டார். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் பாடும்போது பாமாலையைத் திறந்து வைத்துக்கொள்வாள், வாய் மட்டும் அசையாது. மாமாவைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி இருக்கவில்லை. இனி இவள் பாடவே மாட்டாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் திருப்பதிப் பெண்களில் ஒருத்தி, தான் முன்னாலிருந்து எடுத்த வீடியோவை அக்காவுக்கு அனுப்பினாள். முழுப் பாட்டும் இருந்தது, அக்காவின் குரலும் தெளிவாக இருந்தது. தமிழ் வரிகள் தனக்கும் வேண்டும், அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை வரமுடியுமா ஆன்டி என்று தெலுங்கில் கேட்டிருந்தாள். அக்கா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "நானாடி இது?" என்றாள். அடுத்த நாள் உட்கார்ந்து அச்சுமுறுக்கு சுட ஆரம்பித்தாள். துக்க வருஷத்தில் எங்கள் வீடுகளில் பலகாரம் செய்கிற வழக்கம் கிடையாது.

டிசம்பரில் சபையார் வீடு வீடாகக் கேரல் பாடிக்கொண்டு வருவார்கள். சாவு விழுந்து வருஷம் ஆகாத வீடு வந்தால், தெருமுனையிலேயே மேளத்தை நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அதுதான் முறை. அன்றைக்கும் விளக்கு வைக்கிற நேரத்தில் தெருமுனையில் மேளம் நின்றது. கூட்டம் சத்தமில்லாமல் வந்து நின்றது. முன்னால் அந்தக் கமிட்டி மெம்பர். ஜெபத்துக்காகக் கண்ணை மூடப் போனவர், கேட் திறக்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தார். தட்டு நிறைய அச்சுமுறுக்கோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குண்ணா மோளத்த நிறுத்திட்டீங்க? பாடுங்க" என்றாள்.

"துக்க வூட்ல பாடற வழக்கமில்லம்மா."

"துக்கம் என்னுதுண்ணா" என்றாள் அக்கா. "அவரு கடைசி வாரத்துல பாமாலை பாட வேணாம்னுட்டாரு. அதெல்லாம் மேல போய் கேட்டுக்கறேன், இப்ப நீ நம்ம பாட்டு பாடுன்னாரு. தியேட்டர்ல நான் பாடுனேனே, அந்தப் பாட்டுதான் பாடுனேன். பாட்டு முடியறதுக்குள்ள தூங்கிட்டாரு. அப்பறம் அவரு கண்ணத் தொறந்து பேசல."

எனக்கே அது அன்றுதான் தெரியும்.

"அந்தப் பாட்ட உங்க முன்னால பாடல. உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டே பாடறேன்" என்று சொல்லிவிட்டு, கர்த்தர் பிறப்பைப் பாடும் கீர்த்தனை ஒன்றை அவளே எடுத்தாள். முதல் வரியைத் தனியாகத்தான் பாடினாள். இரண்டாவது வரியில் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சேர்ந்தது. பிறகு இன்னொன்று. வாட்ஸ்அப்பில் ஆமென் போட்டவர்கள்தான். சரணத்துக்குள் மேளமும் வந்துவிட்டது. கமிட்டி மெம்பர் பாடவில்லை. தட்டு அவர் பக்கம் வந்தபோது இரண்டு அச்சுமுறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அக்கா இப்போது மறுபடியும் பாடகர் குழுவில் நிற்கிறாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வீடியோவும் அந்தக் குழுவில் அப்படியேதான் கிடக்கிறது. அக்கா மன்னித்துவிட்டாளாம், என்னால் முடியவில்லை. ஆனால் அவள் சமையலறையில் அந்தப் பாட்டை முணுமுணுக்கும்போதெல்லாம் நான் வெளியில் நின்று கேட்கிறேன். புருஷனைத் தூங்க வைத்த பாட்டைப் பாடுவதற்கு ஒரு பெண் ஊரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ற கோபம் மட்டும் எனக்கு எப்போதும் தணியவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.