வலை போட்ட கம்பி

பேரன் பேத்தி எடுத்துவிட்டேன், பல்லும் பாதி போய்விட்டது. ஆனாலும் அந்தக் கிறிஸ்துமஸ் நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. கம்பியைத் தேர்ந்தெடுத்தவள் நான். சரியான கம்பியைத்தான் தேர்ந்தெடுத்தேன். இதை மட்டும் யார் வந்து மறுத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சித்தப்பா நாலு வருஷம் வியட்நாம் நாட்டுச் சைகோனில் வேலை பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியிருந்தார். அவரோடு கப்பலில் வந்தவர்கள் பட்டும் கைக்கடிகாரமும் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு கித்தாரும், பழைய டெலிபோனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதியும். அந்தத் துண்டைக் கித்தாரின் வயிற்றில் ஒட்டி, அங்கிருந்து கம்பி இழுத்து ரேடியோவில் செருகினால், கித்தார் ரேடியோ வழியாகத் தெருவுக்கே கேட்கும் என்றார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நம்பியது அம்மா ஒருத்திதான். சித்தப்பாவின் ஆறு வயதில் தாய் செத்துப்போக, அண்ணியாக வந்த அம்மாதான் அவருக்குச் சோறூட்டித் தலைவாரி வளர்த்தவள். அவர் மறுபடி கப்பலேறிவிடக் கூடாதென்று மாதாவுக்கு நாள் தவறாமல் மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருவில் ரேடியோ வைத்திருந்தவர் ஒரே ஒருவர். கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்களை 'ஐயா' என்பது போல, எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டு முன்னறை பூட்டியே கிடந்தது. "கிறிஸ்துமஸ் அன்னைக்கு சாயங்காலம் நாலு பேருக்கு முன்னால வாசிச்சுக் காட்டு. பலிச்சா அந்த ரூம்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சுக்க" என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். பலிக்காவிட்டால் சைகோன்தான். ஊரில் அவருக்கு வேறு வேலை இல்லை.

மோட்டார் சாமான் விற்கும் கடைக்குச் சித்தப்பா சின்னப் பிள்ளையான என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் இரண்டு கம்பிகளை எடுத்துப் போட்டார். ஒன்று சிவப்புப் பட்டு நூல் சுற்றிப் பின்னல் போல முறுக்கியது, பார்க்கவே ஆசையாக இருந்தது. மற்றொன்றின் மேல் செம்பு இழையில் வலை மாதிரிப் பின்னியிருந்தது. கறுத்துப்போய் அவலட்சணமாகக் கிடந்தது. சித்தப்பா சிவப்பை வாங்கினார்.

முசியே வீட்டில் செருகிப் பார்த்தால், கித்தாரைத் தொடுவதற்கு முன்பே ரேடியோ 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தது. சித்தப்பா கித்தாரைத் திருப்பினார், கம்பியை மாற்றிச் செருகினார், ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். இரைச்சல் விடவில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று.

"சித்தப்பா, அந்த வல போட்ட கம்பிய வாங்கிப் பாக்கலாமா?" என்றேன்.

"ஏண்டி?"

"இது கொசு மாதிரிதான கத்துது? வல போட்டா கொசு உள்ள வராது இல்ல?"

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், சிவப்பைக் கொடுத்துவிட்டு அந்தக் கறுப்பை வாங்கிவந்தார். செருகினார். ரேடியோ மூச்சுக்கூட விடவில்லை. ஒரு நரம்பைத் தட்டினார், அறை முழுக்க மணி அடித்தது போல இருந்தது! என்னைத் தூக்கிச் சுற்றி, "இவதான் எங்க வூட்டு எஞ்சினியர்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதுதான் எனக்கு வினையாயிற்று.

எங்கள் வீட்டில் திருநாள் என்றால் ஓர் உலோகமும் அழுக்காக இருக்கக் கூடாது. குண்டான், மெழுகுவர்த்தித் தண்டு, கதவுத் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றுக்கும் புளியும் சாம்பலும் போட்டு அம்மா ஒரு தேய் தேய்ப்பாள். கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்தவள் கண்ணில் ஆணியில் தொங்கிய கம்பி பட்டது. "பெரிய மனுசங்க வூட்டு சலோனுக்கு இந்தக் கரிக்கயித்தயா எடுத்துக்கினு போவான் எம்புள்ள?" என்று அதையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். தேய்த்து முடித்ததும் கம்பி தகதகவென்று மின்னியது. நான்கூடக் கை தட்டினேன். அம்மா அதைத் துண்டில் சுருட்டிச் சித்தப்பா பையில் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் முசியேயின் சலோனில், அதாவது வரவேற்பறையில், நிறைய ஆட்கள். சித்தப்பா கோட்டு போட்டிருந்தார். கம்பி மின்னுவதைப் பார்த்து ஒரு நொடி விழித்தார், செருகினார். ரேடியோ கரகரவென்று இருமியது. நரம்பைத் தட்டினால் கிணற்றுக்குள் தவளை கத்துவது போல ஏதோ கேட்டது. யாரோ சிரித்தார்கள். சித்தப்பா கம்பியைப் பிடுங்கி விரலால் அழுத்தினார். பழுப்பாக ஈரம் கசிந்தது. விரலை மோந்து பார்த்தார். வாசற்படி அருகே அம்மா முக்காடு போட்டு, கையில் செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளை ஒருமுறை பார்த்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கம்பி சரியில்ல முசியே. தப்பான கம்பிய வாங்கிட்டேன்" என்றார்.

"பொட்டப்புள்ள பேச்சக் கேட்டு வாங்கினா வேற என்னா ஆவும்?" என்றார் முசியே. கூடமே சிரித்தது.

எனக்கு வந்த கோபம்! "அன்னைக்கு நல்லாத்தான கேட்டுது! சொல்லுங்க சித்தப்பா!" என்று கத்தினேன். அப்பா நறுக்கென்று குட்டினார். சித்தப்பா என்னைப் பார்த்தார். கித்தாரைப் பெட்டியில் வைத்து மூடினார். இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டிருந்தால் அந்தக் கம்பி பழையபடி பேசியிருக்கும். உள்ளே சுற்றியிருந்த நூல் புளித்தண்ணீரைக் குடித்திருந்தது, அவ்வளவுதான். ஈரமாகிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நனைத்தது என்று அடுத்த கேள்வி வரும். அண்ணி அங்கேயே நின்றிருந்தாள்.

இதெல்லாம் எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, என் வீட்டு விளக்குக் கம்பி மழையில் நனைந்த ஒருநாள்தான் உறைத்தது. அப்போது தெரிந்ததெல்லாம், என் பேரைக் கெடுத்துவிட்டார் என்பதுதான். அவரோடு பேச்சை விட்டேன். அவர் வாங்கிவந்த கொய்யாப்பழத்தைக் காக்கைக்குப் போட்டேன். ஜனவரியில் சைகோன் கப்பல் வந்தது. வீட்டில் எல்லோரும் கப்பல் பாலத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. அவர் தெருமுனை வரைக்கும் போய், ஏதோ மறந்தவர் போலத் திரும்பி வந்து வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்துகொண்டேன்.

இருட்டும் முன்பே அம்மா அழுது வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள். "நீ நல்ல கம்பியா பாத்து எடுத்திருந்தா எம்புள்ள ஏண்டி போறான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். கடலில் போய்க்கொண்டிருந்த சித்தப்பாவைத்தான் பொய்யன், பொய்யன் என்று மனசாரத் திட்டிக்கொண்டிருந்தேன்.