உப்புத் தண்ணியும் இரண்டு முழங்கால்களும்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, லஸ் முனையில் இரண்டு பேர் விழுந்தோம். ஒருவர் சுல்தான். மற்றவர் நான்.

சுல்தான் என்பது கரீம் பாயின் ஜட்கா வண்டிக் குதிரை. யுத்தத்தால் பெட்ரோல் ரேஷன் வந்ததும் நண்பர்களின் கார்கள் ஷெட்டில் படுத்துவிட்டன. ஓசிச் சவாரி நின்றது. அன்று முதல் மயிலாப்பூரில் எனக்குச் சுல்தான்தான் கதி.

அன்று தி.நகரில் ஒரு கூட்டம். நான்தான் தலைமை. நாலு ஜிப்பாவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் கிளம்பவே நேரமாகிவிட்டது. "பாய், கொஞ்சம் விரட்டுங்கோ" என்று மூன்று தரம் சொன்னேன். பாய் விரட்டினார். டிராம் தண்டவாளத்தில் லாடம் வழுக்கிற்று. சுல்தான் முன்னங்காலை மடித்து விழ, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நான் கரீம் பாயின் முதுகில் மோதி, அங்கிருந்து தெருவுக்கு வந்து சேர்ந்தேன்.

கூட்டம் எதைப் பற்றி என்கிறீர்களா? ஜீவகாருண்யம்.

சுல்தானுக்கு இடது முழங்காலில் தோல் உரிந்து, சரளைக்கல் ஒட்டியிருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. எனக்கும் இடது முழங்கால்தான். ஆனால் என் காலை யார் பார்த்தார்கள்? நிமிஷத்தில் குதிரையைச் சுற்றி ஐம்பது வைத்தியர்கள்! பூக்காரம்மா சுண்ணாம்பும் மஞ்சளும் என்றாள். டிராம் கண்டக்டர் கெரசின் என்றார். ஓட்டல்காரர் ஒருவர் காபித்தூள் பொட்டலத்தோடு ஓடியே வந்துவிட்டார். பாயோ வண்டி மை டப்பாவைத் திறந்துவிட்டார்.

"மையா? புண்ணுக்கா?" என்றேன்.

"அச்சுல போட்டா சக்கரம் சுத்துதில்ல சாமி? கால்ல போட்டா கால் நடக்காதா?"

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் மிருகவதைத் தடுப்பு இன்ஸ்பெக்டர். மை டப்பாவைப் பிடுங்கி மூடினார். குனிந்து காலைப் பார்த்தார். "பதினஞ்சு நாள் டைம். அதுவரைக்கும் வண்டியில பூட்டக்கூடாது. அடுத்த செவ்வாய் போய் அதுக்கடுத்த செவ்வாய், காலையில எட்டு மணிக்கு இதே இடத்துக்குக் கொண்டாரணும். புண்ணு ஆறியிருந்தா வண்டி ஓட்டு. சீழ் வச்சிருந்துதோ... குதிரைய நாங்க எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்."

பாய் சுல்தானுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சுல்தான் அவர் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த குதிரை.

எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. எங்கள் எதிர்வீட்டு ரங்கசாமி கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அன்று சாயங்காலமே அவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டே, "சின்னக் காயம்தானே? உப்புத் தண்ணியாலே கழுவச் சொல்லுங்கோ. கண்டதைப் பூச வேண்டாம்" என்றார். நான் அதை அப்படியே பாயிடம் ஒப்பித்தேன். ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரிதான் சொன்னேன் என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

மூன்றாம் நாள் சாந்தோம் பக்கம் பாயின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுல்தானின் முழங்கால் வீங்கியிருந்தது. ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. ஈ மொய்த்தது.

"என்ன பாய் இது? உப்புத் தண்ணியிலே கழுவினேளா, இல்லையா?"

"இன்னா சாமி இப்டி கேட்டுட்டே? வேளைக்கு ரெண்டு பக்கெட்டு ஊத்திக்கினு கீறேன்! எங்க கெணத்துத் தண்ணி. சுத்தமான உப்பு. வாயில வெக்க முடியாது!"

கிணற்றை எட்டிப் பார்த்தேன். பச்சையாக ஒரு பாசி. ஓரத்தில் நாலு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பு யாருடையது? நம் சென்னையில் குழாயில் வந்தால் நல்ல தண்ணி. கிணற்றில் வந்தால் உப்புத் தண்ணி. என் வீட்டிலேயே, "உப்புத் தண்ணியை எடுத்து வாசல் அலம்பு" என்று தினம் காதில் விழுகிறது. பாய் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்.

"அது இல்லை பாய். நல்ல தண்ணியைக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, அதிலே உப்பைப் போடணும்."

"நல்ல தண்ணிய இன்னாத்துக்கு சாமி உப்பு போட்டு கெடுக்கணும்? உப்பாவே கெணத்துல கீதே!"

பாய் சுல்தானின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "மெய்யாலுமே இட்டுக்கினு பூடுவாங்களா சாமி?" என்றார். எனக்கு மிகவும் வெட்கமாகப் போய்விட்டது. விரட்டச் சொன்னவன் நான். அரைகுறை வைத்தியம் சொன்னவனும் நான்.

"நாளைக் காலையிலே குதிரையை மெள்ள நடத்தி எங்காத்துக்கு அழைச்சுண்டு வாங்கோ. நானே கழுவறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அலமேலு, "ஆத்துல குடிக்கறதுக்கே ரெண்டு குடம்தான் பிடிக்க முடியறது. அதுல குதிரைக்குப் பங்கா?" என்றாள். ஆனால் விடியற்காலையில் அடுப்பில் தண்ணீரை ஏற்றியவளும் அவள்தான். எவ்வளவு உப்பு என்று எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்: "ரசத்துக்குப் போடற அளவு போறுமா?"

"ரொம்பக் கரெக்ட், மாமி!" என்றார் ரங்கசாமி.

வாசலில் வைத்தியம் தொடங்கியது. ரங்கசாமி பக்கத்தில் நின்று அதட்டினார். "பின்னாலே நிக்காதீங்கோ, ஸ்வாமி! தோள் பக்கமா நில்லுங்கோ. தேய்க்காதீங்கோ, மேலேயிருந்து ஊத்துங்கோ. தண்ணி தானா அழுக்கை இழுத்துண்டு போகும்." கல்லெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தது. துவைத்த வேஷ்டித் துண்டால் ஒற்றி, போரிக் பவுடர் தூவினோம். ஈ வராமல் புண்ணைச் சுற்றி மட்டும் வேப்பெண்ணெய். நான் குனிந்திருந்த நேரத்தில் சுல்தான் என் ஜிப்பாப் பையிலிருந்த தலைமையுரையில் இரண்டு பக்கத்தைத் தின்றுவிட்டது. அந்த உரை யாருக்காவது உபயோகப்பட்டது என்றால் அது ஒன்றுதான்.

தினமும் இதே கைங்கரியம். நாலைந்து நாளில் வீக்கம் வடிந்தது. பிறகு கசிவும் நின்றது.

என் முழங்காலா? அதற்கு முதல் நாளே அலமேலு காபித்தூள் வைத்துவிட்டாள். மறுநாள் அதன்மேல் கொஞ்சம். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். உள்ளே விண்விண் என்று தெறித்தது. வெளியே சொல்லவில்லை. குதிரைக்குப் பார்க்கும் வைத்தியத்தைப் போய் நாமும் பார்த்துக்கொள்வதாவது என்று ஒரு கௌரவம்தான்!

போன செவ்வாய்க்கிழமை எட்டு மணி. லஸ் முனை. இன்ஸ்பெக்டர் குனிந்தார். புண்ணைச் சுற்றி விரலால் அழுத்தினார். பத்தடி நடத்தச் சொன்னார், திருப்பிக் கூப்பிட்டார். கடிவாளத்தைப் பிடித்திருந்த பாய் இன்ஸ்பெக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா காஞ்சு பொருக்குத் தட்டிடுச்சே! வண்டி கட்டலாம்" என்றார்.

பாய் சுல்தானின் நெற்றியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் இந்த சாமி செஞ்சது சார். தினிக்கும் தன் கையால கழுவிச்சு" என்றார்.

இன்ஸ்பெக்டர் மரியாதையோடு என் பக்கம் திரும்பினார். பாராட்டு வரப்போகிறது! நானும் பெருமையோடு இரண்டடி முன்னால் போனேன்.

"ஏன் சார் நொண்டுறீங்க?"

வேறு வழியில்லாமல் வேஷ்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். அவர் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். "காபியா?" என்றார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டு, பாயிடம் சொன்னார்:

"குதிரைய இன்னிக்கே பூட்டலாம். இவரைத்தான் ஒரு பதினஞ்சு நாளைக்குப் பூட்டக்கூடாது!"

இப்போதும் காலையில் எங்கள் வீட்டில் ஒரு சொம்பு நல்ல தண்ணி, ரசத்தளவு உப்போடு ஆறிக்கொண்டிருக்கிறது. குதிரைக்கு இல்லை.